தேதி இல்லாத என் குரல்

போன மாதம் ஒரு காலை. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கிறது, கைபேசி அடிக்கிறது. எடுத்தால் ஒரு பெண்குரல், அவ்வளவு இனிமை. "பராமரிப்புப் பணி காரணமாக நாளை உங்கள் பகுதியில் குடிநீர் விநியோகம் இருக்காது" என்றது. "ஏம்மா, எந்தத் தேதி?" என்று கேட்டேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டது. இயந்திரம்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரத்தில் பால் பொங்கி அடுப்பை நனைத்துவிட்டது.

பால் போனால் போகிறது. தேதி சொல்லவில்லையே என்று எனக்குப் பதறியது. உடனே எங்கள் பழைய தண்ணீர் ஆபீசுக்குப் போன் போட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர் பெண் எடுத்தாள்.

"தேதி எதுக்கு மேடம்? எந்த நாள் கால் வந்துச்சுன்னு போன்லயே காட்டுமே" என்றாள்.

"அத ஒருத்தன் ரெக்கார்டு பண்ணி அடுத்த வருஷம் அனுப்பினா என்னாம்மா பண்ணுவே?"

"அப்படில்லாம் யாரு மேடம் பண்ணப்போறாங்க?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. அரை மணி நேரம் நிற்காமல் பேசினேன். கடைசியில் அவள், "மேடம், இத அப்படியே எழுதிக் குடுங்களேன். எங்க ஆளுங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். கேட்டுவிட்டாள் அல்லவா, இனி என்னை நிறுத்த முடியாது.

என் பெயர் தனலட்சுமி. பெயரைச் சொன்னால் புதுச்சேரியில் பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். 'தண்ணி அக்கா' என்றால் பழைய ஆட்களுக்குச் சட்டென்று தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். ஆட்டோவின் கூரையில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, "நாளை தண்ணீர் வராது", "இன்று மாலை கூடுதலாக ஒரு மணி நேரம் வரும்" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது நான்தான். காய்கறிக் கடையில் நான் "அரைக் கிலோ கத்திரிக்கா" என்று வாயைத் திறந்ததும், பக்கத்தில் நிற்கிற பெண் திரும்பி, "ஐயோ, நாளைக்குத் தண்ணி வராதாக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் எனக்குக் கிடைத்த வேலை. பம்ப் ஹவுசில் உதவியாள் என்று போட்டார்கள். அறிவிப்புச் செய்பவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிவிட்டது. வேறு ஆள் இல்லாமல் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அவருடைய தொண்டை சரியான பிறகும் மைக் அவரிடம் திரும்பிப் போகவில்லை. என் பயிற்சிக் காலம் முழுக்க அவ்வளவுதான்.

உண்மையில் என்னைத் தயார்செய்தவர் எங்கள் அதிகாரி அருளப்பன். அவரை நாங்கள் மிசியே, அதாவது பிரெஞ்சில் 'ஐயா', என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எந்தப் பேச்சையும் 'அலோர்' என்றுதான் தொடங்குவார். 'சரி, அப்புறம்' என்கிற மாதிரி. வெள்ளைச் சட்டை, சிவப்புப் பென்சில். நான் அறிவிப்பை எழுதி எடுத்துக்கொண்டு போய் நின்றால், நாற்காலியிலிருந்து எழுந்து சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

"அலோர், படிம்மா."

"மிசியே, என்னைப் பாக்காம எப்படி..."

"தெருவுல உன் மூஞ்சிய யாரு பாக்குறாங்க? கேக்குறவ அடுப்பங்கரையில இருக்கா. படி."

மூன்று முறை படிக்க வேண்டும். முதல்முறை ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டாம் முறை கைவிரலைத் தூக்குவார், அந்த இடத்தில் நான் மூச்சு வாங்கியிருக்கிறேன் என்று அர்த்தம். மூன்றாம் முறைக்குப் பிறகு திரும்பி, காகிதத்தை வாங்கிப் பென்சிலால் சொற்களை அடித்துத் தள்ளுவார். பத்து வரியில் போனது நான்கு வரியாக வரும். அதற்குக் கீழே தேதி, மணி, கையெழுத்து. கையெழுத்து இல்லாத காகிதத்தோடு ஆட்டோ நகரக் கூடாது.

அவருடைய சட்டங்கள் சில எனக்கு இன்றும் மனப்பாடம். முதல் வாக்கியம் வீண் வாக்கியமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அதை யாரும் கேட்பதில்லை, அந்த நேரத்தில்தான் குழாயை மூடுகிறார்கள், டிவியைக் குறைக்கிறார்கள். விஷயம் இரண்டாவதில் வர வேண்டும். ஓடுகிற வண்டியில் பேசக் கூடாது. தெருவின் தலைப்பு, நடு, கோடி என்று மூன்று இடத்தில் நிறுத்தித்தான் பேச வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் வெயிலுக்குப் பயந்து ஒரு தெருவின் தலைப்பிலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாள் கோடியில் இருந்த வீட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். மிசியே அவர்களுக்கு நாற்காலி போட்டு, என்னை நிற்கவைத்து, "இவங்ககிட்ட இப்ப சொல்லு" என்றார். காலிக் குடங்களுக்கு முன்னால் நின்று நேற்றைய அறிவிப்பைப் படித்தேன். என்ன அவமானம்!

இன்னொரு சட்டம், தேதி சொல்லக் கூடாது. நான் ஆரம்பத்தில் தேதி, கிழமை எல்லாம் எழுதிக்கொண்டு போவேன். சிவப்புப் பென்சில் முதலில் அதைத்தான் அடிக்கும்.

"தெருவுல நிக்கிறவளுக்கு இன்னைக்கு என்னா நாளுன்னு தெரியும்மா. 'இன்று'ன்னு சொல்லு, போதும். தேதி காகிதத்துல இருக்குது."

எவ்வளவு சரியான பேச்சு! குரல் வாயிலிருந்து புறப்பட்டு, தெருவைத் தாண்டுவதற்குள் செத்துப்போகும் என்றிருந்த காலத்தில் அது சரிதான். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை. தெருவில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் என் குரலைப் பிடித்துவைக்கிற கருவி வந்துவிட்டதே, அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் மண்டையில் ஏறவில்லை.

ஒரு கார்த்திகை மாதம், அடைமழை. முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைத் தொட்டிக்குப் போகிற குழாயில் மழைத்தண்ணீர் கலந்துவிட்டது. கலங்கலாக வருகிறது என்று தெரிந்ததும் என்னை அனுப்பினார்கள். ஆட்டோ ஓட்டும் சேகர் ரெக்சின் திரையை இறக்கிவிட்டிருந்தார். கொட்டுகிற மழையில் மூன்று இடமும் நிறுத்தி, "இன்று இந்தத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். லாரியில் தண்ணீர் வருகிறது, பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். மக்கள் லாரித் தண்ணீரைப் பிடித்தார்கள். இரண்டு நாளில் குழாயைச் சரிசெய்து, தொட்டியைக் கழுவி, பழையபடி தண்ணீர் விட்டோம். எல்லோரும் மறந்துவிட்டார்கள், நானும்தான். யாரோ ஒருவர் மட்டும் தன் வீட்டு வாசலில் நின்று அதைக் கைபேசியில் பிடித்துவைத்திருக்கிறார்.

அந்தத் தொட்டியின் ஆபரேட்டர் கலியபெருமாள். நோணாங்குப்பத்துக்காரர். அப்பா கடலுக்குப் போனவர், இவர் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார். "எப்படியும் தண்ணிதான்க்கா, இதுல உப்பு இல்ல, அவ்ளோதான்" என்பார். மணி தவறாத மனிதர். மோட்டார் போடும் நேரத்தை வைத்து அந்தத் தெருவில் கடிகாரத்தைச் சரிசெய்யலாம். தொட்டியில் மருந்து போடுவது அவர் வேலை. பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேலே நிற்கிற தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதற்காக வெள்ளைத்தூள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுவார். பல வருடமாக ஊர் பார்க்கத்தான் ஏறினார்.

இரண்டு வருடம் கழித்து, கத்திரி வெயில். நானும் சேகரும் உழவர்கரையில் ஒரு குழாய் வேலைக்கான அறிவிப்பில் இருந்தோம். காலை பதினொரு மணி இருக்கும். சேகர் கைபேசியைப் பார்த்தவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"அக்கா, நீங்க முதலியார்பேட்டையில ஏதாவது சொன்னீங்களா?"

"இன்னைக்கா? இங்கதான உன்கூட இருக்கேன்!"

கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு படம். கலியபெருமாள் மூட்டையோடு தொட்டி ஏணியில் ஏறுகிறார். கீழே சிவப்பு எழுத்தில், 'குடிநீரில் விஷம் கலக்கும் ஆபரேட்டர்! குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்! அனைவருக்கும் பகிரவும்!' அதற்கடுத்து ஒரு ஒலிப்பதிவு. தட்டினால் என் குரல். "இன்று இந்தத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்."

படம் உண்மை. குரல் உண்மை. இரண்டையும் ஒட்டியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஒட்டியதுதான் பொய்.

கலியபெருமாளுக்குப் போன் போட்டேன். எடுத்தார். பின்னால் ஓயாத இரைச்சல்.

"அக்கா, பம்ப் ரூம்ல உள்ளாற பூட்டிக்கிட்டேன். கேட்டுல ஏறுறாங்க. நான் என்னாக்கா பண்ணேன்?" பேசும்போதே கூரையில் கல் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆபீசுக்கு அடித்தேன். அப்போதிருந்த அதிகாரி, "மறுப்பு அறிக்கை தயாராகிட்டிருக்கு. கையெழுத்தாகட்டும், அதுவரைக்கும் நீங்க அங்க போகாதீங்க" என்றார். நியாயமான பேச்சுதான். என் மிசியேயும் அதையேதான் சொல்லியிருப்பார். கையெழுத்து வருவதற்குள் கதவு தாங்குமா? "சேகர், எடு வண்டிய" என்றேன். என் வேலைக்காலம் முழுவதிலும் காகிதம் இல்லாமல் ஆட்டோ நகர்ந்தது அந்த ஒருநாள்தான்.

போய்ப் பார்த்தால் தெரு முழுக்கத் தண்ணீர்! கத்திரி வெயிலில் குடம் குடமாகக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு தாய் வாந்தியெடுத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். தொட்டியின் கேட்டில் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்களை அமுக்கிக்கொண்டு ஒரு கூட்டம். அதில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்த முகங்கள். கலியபெருமாள் தினமும் டீ குடிக்கிற கடைக்காரர் கூடக் கையில் கட்டையோடு நிற்கிறார். கெட்டவர்கள் யாரும் இல்லை அங்கே. பயந்தவர்கள்தான் இருந்தார்கள், அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

மைக்கை எடுத்தேன். "பொதுமக்களுக்கு வணக்கம். தண்ணீர் நன்றாக இருக்கிறது. நீங்கள் கேட்டது பழைய..." முடிக்கவிடவில்லை.

"யக்கா, காலையில குடிக்காதன்னீங்க, இப்ப நல்லாருக்குதுங்கிறீங்க! எதுதான்க்கா நெசம்?"

"ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்கடா! அமுக்கப் பாக்குறாங்க!"

"தோ, உங்க குரல நீங்களே கேளுங்க!" என்று ஒருவன் கைபேசியை உயர்த்திப் போட்டான். அடுத்தவனும் போட்டான். பிறகு எல்லோரும். நூறு கைபேசியிலிருந்து என் குரல், ஒன்று 'இன்று' என்கிறது, ஒன்று 'குடிக்க' என்கிறது, ஒன்று 'லாரி' என்கிறது. வாழ்நாள் முழுக்க நான் நம்பிப் பிழைத்த குரல் என்னைச் சுற்றி நின்று கத்துகிறது. அழுகை வந்துவிட்டது. நான் தேதி சொல்லியிருந்தால் கலியபெருமாள் இந்நேரம் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் கேட்டது. அந்தக் குரல்களுக்குப் பின்னால் இன்னொரு சத்தம். தடதடதட என்று. முதலில் கூரையில் கல் என்று நினைத்தேன். கல் இல்லை. அது கைபேசிக்குள்ளிருந்து வந்தது.

மைக்கோடு ஆட்டோவை விட்டுக் குதித்தேன். முன்னால் நின்றவன் கையிலிருந்த கைபேசியைக் கேட்காமலே பிடுங்கினேன். அதை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகச் சொல்லி, சேகரிடம் கத்தினேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, முதல் வாக்கியம் வீண் வாக்கியம் என்பதெல்லாம் மறந்துபோய், அடிவயிற்றிலிருந்து சொன்னேன்.

"என் குரல கேக்காதீங்க! பின்னாடி என்னா கேக்குதுன்னு கேளுங்க!"

இரண்டு கூம்புகளிலும் மழை கொட்டியது! ரெக்சின் திரையில் சடசடவென்று, சாலையில் சளசளவென்று, பக்கத்தில் எங்கேயோ கூரைத் தண்ணீர் இறங்கும் பீலிக்குழாயிலிருந்து ஊற்றுகிற சத்தம் வரை, அந்தத் தெரு முழுக்கக் கார்த்திகை மழை. தலைக்கு மேலே கத்திரி வெயில், காலடியில் கொட்டிய தண்ணீர் அதற்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. கட்டையோடு நின்ற டீக்கடைக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார்! கைபேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. பதிவில் என் அறிவிப்பு முடிந்தது. அது முடிந்த பிறகும் பதிவு இன்னும் கொஞ்சம் ஓடியது. அதில் சேகரின் குரல் தெளிவாக வந்தது.

"அக்கா, மைக்க உள்ளாற இழுங்க, நனையுது!"

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், கூட்டம் உடைந்தது. "அட, இது அந்த வருஷத்து மழைடா" என்றார் ஒருவர். "அன்னைக்கு லாரித் தண்ணி புடிச்சமே" என்றாள் இன்னொருத்தி. சின்னப் பதிவு அது, ஒரு நிமிடம்கூட இல்லை. காலையிலிருந்து அதை ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். கடைசிவரை கேட்டவர்கள் ஒருவர்கூட இல்லை.

பம்ப் ரூம் கதவைத் தட்டி, "கலியபெருமாள், நான்தான்ப்பா, நெசமாவே நான்தான்" என்றேன். தாழ்ப்பாள் திறக்க வெகு நேரம் ஆனது. சன்னல் வழியாக வந்த கல்லில் முழங்கை கிழிந்திருந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மணியைப் பார்த்தார். "மோட்டார் போடுற நேரம் தாண்டிடுச்சுக்கா" என்று திரும்பி உள்ளே போய் ஸ்விட்ச்சைப் போட்டார். நான் பக்கத்துக் குழாயைத் திறந்து கை நிறையப் பிடித்துக் குடித்தேன். வாந்தியெடுத்த அந்தக் குழந்தைக்கு வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம், மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மிசியே போன் செய்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"அலோர்... தேதிய அடிச்சது நான்தானேம்மா" என்றார்.

"அப்ப அது சரிதான் மிசியே."

"அப்ப சரி. இப்ப எழுதிக்க. நாளைலேர்ந்து தேதி, கிழமை, மணி. முதல் வாக்கியமே அதான்." அவருடைய வீண் வாக்கியத்தை அவரே அடித்துவிட்டார்! மறுநாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை தேதி சொல்லாமல் நான் மைக்கைத் தொட்டதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. முடியவில்லை. அன்று அந்தத் தெருவுக்குத்தான் மழைச் சத்தம் கேட்டது. மற்ற ஊர்களுக்கு என் குரலோடு அந்தப் படம் போய்க்கொண்டேதான் இருந்தது. அடுத்த கோடையில் திரும்பி வந்தது, அதற்கடுத்த கோடையிலும் வந்தது. கலியபெருமாள் பிளீச்சிங் பவுடரைத் துண்டில் சுற்றி மறைத்து எடுத்துப் போக ஆரம்பித்தார். ஊருக்கு நல்லது செய்கிற மருந்தைத் திருட்டுச் சாமான் மாதிரி! மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி, "இது நீங்கதானா?" என்று கேட்டார்களாம். நான் போய்ப் பேசி அந்தக் கல்யாணம் நடந்தது. கல்யாணப் போட்டோவில் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு கோடையிலும் அவரே அதை எனக்கு அனுப்புவார், கீழே ஒரு வரி இருக்கும்: 'அக்கா, இந்த வருஷமும் விஷம் வச்சிட்டேன்.' நானும் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை அனுப்புவேன். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

இயந்திரக் குரல் என் பாலைப் பொங்கவிட்ட அதே வாரம் இந்த வருடத்துப் படமும் வந்தது. அந்தப் பொறியாளர் பெண்ணிடம் கத்தின சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. பஸ் ஏறி நோணாங்குப்பம் போனேன். "கலியபெருமாள், இந்தத் தடவ நீ பேசு" என்றேன்.

"மூஞ்சி வேணாம்க்கா. என் மூஞ்சி போதும்ங்கிற அளவுக்குச் சுத்திடுச்சு."

"மூஞ்சி யாருக்கு வேணும்? குரல் குடு."

அவருக்கு மைக் கூச்சம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ளச் சொன்னேன். மூன்று முறை சொல்லவைத்தேன். நான் தேதி, கிழமை, மணி சொல்லித் தொடங்கி, படத்தோடு சுற்றுகிற என் குரல் ஒரு மழை நாளில் சொன்ன பழைய அறிவிப்பு என்று சொன்னேன். பிறகு கைபேசியை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"நான்தான் அந்தப் படத்துல இருக்கிற கலியபெருமாள். மூட்டையில இருந்தது தண்ணிய சுத்தம் பண்ற மருந்து. முப்பது வருஷம் நான் போட்ட மருந்துத் தண்ணிய நீங்க குடிச்சிருக்கீங்க, என் புள்ளைங்களும் அதான் குடிச்சிதுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

எனக்குத் தெரிந்த எல்லாக் குழுவிலும் போட்டேன். பொறியாளர் பெண்ணுக்கும் அனுப்பினேன். அவள் ஆபீசின் எல்லாக் குழுவிலும் போட்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் காலை கலியபெருமாள் போன் செய்தார். மூச்சு வாங்கியது. கூரையில் கல் விழுந்த நாளில் கேட்ட குரல்தான், ஆனால் இது வேறு மூச்சு.

"அக்கா, மகளப் பாக்க முதலியார்பேட்டைக்கு வந்தேன். அந்த டீக்கடைக்கு வந்து நிக்கிறேன். அன்னைக்கி கட்டையோட நின்னாரே, அவரு கடை. நான் வந்தது யாருக்கும் தெரியல. கடைக்காரரு போன்ல என் குரல போட்டுவிட்டிருக்காரு. எட்டுப் பத்துப் பேரு கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க."

"அப்புறம்?"

"நானும் ஓரமா நின்னேன்க்கா. யாரும் நடுவுல நிறுத்தல. கடைசி வரைக்கும் கேட்டாங்க."